கைத்தட்டல் ரெய்டருக்கு... காலைப் பிடிக்கிற கார்னருக்கு? கபடியில் டிஃபெண்டரா ஒரு வாழ்க்கை!

பொங்கல் முடிஞ்ச கையோட திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் ராத்திரி வண்டியில போனா, அகரமோ தாடிக்கொம்போ வேடசந்தூரோ, ஏதாவது ஒரு பக்கம் மின்னொளி கபடி நடந்துட்டிருக்கும். குழல் விளக்கு வெளிச்சம், தண்ணி தெளிச்ச மண், மைக்கில் விடாம ஒரு குரல். அந்தக் குரல் யார் பேரைச் சொல்லுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? பெரும்பாலும் பாடிப் போறவர் பேரைத்தான். ரெய்டர் கோட்டைத் தாண்டி வந்துட்டா ஊரே எழுந்து நிக்கும். அவரைப் பிடிச்சுட்டா 'பிடிச்சாச்சு' என்பதோடு சரி. யார் பிடிச்சாங்க, யார் ஓடிவந்து முட்டுக்கொடுத்தாங்க என்பது அடுத்த ரெய்டு தொடங்குறதுக்குள்ள மறந்துபோயிடும்.

சினிமாவும் இப்படித்தான். 'கில்லி' வேலுவை நினைச்சா எதிரணிக் களத்துக்குள்ள பாடிப் போற விஜய்தான் ஞாபகத்துக்கு வருவார். நம்ம பழனி வட்டாரத்துக் கதையான 'வெண்ணிலா கபடி குழு'வில் தொடங்கி, மணத்தி கணேசனின் வாழ்க்கையிலிருந்து உருவான 'பைசன்' வரைக்கும் கேமரா ஓடுறது பாடிப் போறவர் பின்னாடிதான். அதனாலேயே களத்துக்கு வர்ற பத்துப் பையன்ல எட்டுப் பேருக்கு ரெய்டர் ஆகணும்னுதான் ஆசை.

ஆனா, 'கபடியை நம்பி ஒரு வாழ்க்கை உண்டா?'ன்னு கேக்குற அப்பா, அம்மா கவனிக்க வேண்டியது இன்னொரு ஆளை. களத்தின் ரெண்டு ஓரத்திலும் குனிஞ்சு நிக்கிறாரே, அந்த கார்னர் ஆட்டக்காரர். அவர் வேலை என்ன, அது எத்தனை வருஷம் ஓடும், உடம்பு என்ன விலை கொடுக்கும், சோறு போடுமா? ஒவ்வொண்ணா பார்ப்போம்.

பூட்டுக்குள்ள இருக்கிற லீவர்

ஒரு அணிக்குக் களத்தில் 7 பேர். வில் மாதிரி வளைஞ்சு நிற்பாங்க. ரெண்டு முனையில் இருக்கிறவங்க கார்னர். அவங்களுக்குப் பக்கத்தில் இன், அதுக்கடுத்து கவர், நடுவில் சென்டர். ரெய்டருக்குக் கிடைக்கிறது 30 விநாடி. அதுக்குள்ள அவர் யாரையாவது தொடணும், இல்லைன்னா போனஸ் எடுக்கணும், குறைஞ்சபட்சம் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தள்ளியிருக்கிற பாக் லைனையாவது கடந்துட்டுத் திரும்பணும்.

போனஸ் கோடு அதுக்கும் ஒரு மீட்டர் உள்ளே இருக்கு. களத்தில் 6 அல்லது 7 டிஃபெண்டர்கள் இருக்கும்போது மட்டும்தான் போனஸ் செல்லும். ஒரு கால் அந்தக் கோட்டைத் தாண்டி ஊன்றியிருக்கணும், இன்னொரு கால் அந்தரத்தில் இருக்கணும். கார்னர் காத்திருக்கிறது இந்த நொடிக்குத்தான். ரெய்டரின் முழு எடையும் ஒத்தைக் காலில் நிற்குது. அந்தக் கணுக்காலை ரெண்டு கையாலும் கவ்வி, தோளை அவர் முட்டிக்குக் கீழே கொடுத்தா, எவ்வளவு பெரிய ஆளும் சாய்வார். அரை நொடி முந்தினா, ரெய்டர் காலை இழுத்துக்கிட்டு முதுகில் தட்டிட்டுப் போயிடுவார். அரை நொடி பிந்தினா, அவர் போனஸோட வீடு திரும்பியிருப்பார்.

கார்னர் பிடிச்சதும் வேலை முடிஞ்சிடாது. பக்கத்தில் இருக்கிற கவர் வந்து இடுப்பில் மோதணும், இன் வந்து வழியை அடைக்கணும். நம்ம திண்டுக்கல் பூட்டைப் பிரிச்சுப் பார்த்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். உள்ளே இருக்கிற லீவர்கள் ஒவ்வொண்ணும் அதது உயரத்தில் நின்னாத்தான் பூட்டு பூட்டு. ஒண்ணு தேய்ஞ்சாலும் கள்ளச்சாவிக்கு வழி கிடைச்சிடும். கபடியில் தற்காப்பும் அப்படித்தான். ஒரு ஆள் அரை அடி பின்வாங்கி நின்னா, மத்த ஆறு பேரோட உழைப்பும் வீண்.

இதில் ஒரு கணக்கு இருக்கு. ரெய்டர் ஒரே ரெய்டில் மூணு பேரைத் தொட்டா மூணு புள்ளி. டிஃபென்ஸில் நாலு பேர் சேர்ந்து அமுக்கினாலும் பொதுவா ஒரே புள்ளிதான். களத்தில் மூணு பேரோ அதுக்கும் குறைவாகவோ இருக்கும்போது பிடிச்சா மட்டும் 'சூப்பர் டேக்கிள்' என்று கூடுதலா ஒண்ணு. அந்தப் புள்ளியும் முதலில் கை வைத்தவர் கணக்கில்தான் ஏறும். ஓடிவந்து மோதினவருக்கு ஸ்கோர் ஷீட்டில் இடமில்லை. ஆனா தப்புப் பிடி போட்டா, தொட்ட அத்தனை பேரும் வெளியே. பிடிச்சா பாதிப் பேருக்குப் பேர் கிடையாது, விட்டா எல்லாருக்கும் கெட்ட பேர்!

அமெரிக்காவிலும் இதே கதை

இது கபடிக்கு மட்டும் உரிய சாபம் இல்லீங்க. அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னாடி ஐந்து பேர் சுவர் மாதிரி நிற்பாங்க. 'ஆஃபென்ஸிவ் லைன்மேன்' என்று பேர். ஒவ்வொருத்தரும் ஏறக்குறைய 140 கிலோ. எதிரணி ஆட்கள் தங்கள் குவார்ட்டர்பேக் மேல விழாம மூணு, நாலு விநாடி தடுக்கிறதுதான் அவங்க வேலை. பந்து அவங்க கைக்கு வர்றது அபூர்வம். மைதானத்தில் அவங்க நம்பரை அறிவிக்கிறாங்கன்னா, பெரும்பாலும் ஏதோ ஃபவுல் செஞ்சுட்டாங்கன்னு அர்த்தம். அந்த ஃபவுலில் அடிக்கடி வர்றது என்ன தெரியுமா? எதிராளியைப் பிடிச்சு வைக்கிறது! அங்கே பிடிச்சா குற்றம், இங்கே பிடிக்கலைன்னா குற்றம்.

கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் ஜோ தாமஸ் இதற்கு நல்ல உதாரணம். 2007-ல் அணிக்கு வந்தவர், 2017-ல் கையில் தசை கிழியும் வரை ஒரு தடவைகூட வெளியே உட்காராம, தொடர்ந்து 10,363 முறை பந்து நகரும்போது களத்தில் நின்றார். அவர் அணியோ தோற்றுக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு பிளே-ஆஃப் போட்டிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் 2023-ல் அந்த விளையாட்டின் உச்ச கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். கோப்பையை வைத்து அல்ல, நின்ற நேரத்தை வைத்து அளந்திருக்கிறார்கள்.

41 வயதில் கோப்பை

நம்ம ஊரில் அப்படி அளக்க வேண்டிய ஆள், தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன். 1975-ல் பிறந்தவர். வலது கார்னர். புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கினபோதே அவருக்கு 39 வயது. மத்த விளையாட்டுகளில் அந்த வயசுக்காரர்கள் வர்ணனை செய்யப் போயிருப்பாங்க. இவர் களத்துக்கு வந்தார்.

2016-ல் நான்காவது சீசனில் பாட்னா பைரேட்ஸ் அணியின் கேப்டன் இவர். எல்லார் கண்ணும் அந்த அணியின் இளம் ரெய்டர் பர்தீப் நர்வால் மேல இருந்தது. ஜூலை 31-ம் தேதி ஹைதராபாத்தில் நடந்த இறுதிப்போட்டியில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸை 37-29 என்று வென்று கோப்பையைத் தூக்கியபோது சேரலாதனுக்கு 41 வயது. மூணு மாசத்தில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை. இறுதிப்போட்டியில் ஈரானை 38-29 என்று வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அந்த ராத்திரி நாடு கொண்டாடினது ரெய்டர் அஜய் தாக்கூரை. நியாயம்தான், பின்தங்கியிருந்த ஆட்டத்தைத் திருப்பினவர் அவர். அந்த அணியின் பின்வரிசையில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இருந்தார் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?

அதோடு நிற்கவில்லை. 2018-ல் யு மும்பா அணியில் ஆடினார். இடது கார்னரில் ஈரானின் ஃபாஸல் அத்ராசலி, வலது கார்னரில் சேரலாதன். 2019-ல் ஹரியானா ஸ்டீலர்ஸுக்குக் கேப்டன். கூட விளையாடினவர்களில் பலர் இவரில் பாதி வயசுக்காரர்கள், 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டார்கள். 2024-ல் தமிழ் தலைவாஸ் அணியின் பயிற்சிக் குழுவுக்கு வந்தார்.

கார்னர் ஏன் தாமதமா பழுக்கிறார்?

ரெய்டருக்கு முதலீடு வேகம். முட்டி மடங்குற வேகம், திரும்புற வேகம், மூச்சு. இருபதுகளின் நடுவில் அது உச்சத்தில் இருக்கும். ஒரு பெரிய காயம் வந்தாலோ வயசு ஏறினாலோ முதலில் கரையுறதும் அதுதான்.

கார்னருக்கு முதலீடு படிப்பு. புத்தகப் படிப்பு இல்லை, ஆளைப் படிக்கிற படிப்பு. இந்த ரெய்டர் எந்தக் காலை முன்னாடி வைப்பார், எத்தனையாவது விநாடியில் பாய்வார், தோள் எந்தப் பக்கம் சாஞ்சா ஏமாத்து, எந்தப் பக்கம் சாஞ்சா நிஜம். இதெல்லாம் நூறு ரெய்டரைப் பிடிச்சு, இருநூறு ரெய்டரை விட்டாத்தான் தெரியும். அதனால் 18 வயசில் மங்கலாத் தெரியுற ஒரு கார்னர், 28-ல் அசைக்க முடியாத ஆளா மாறலாம். நல்ல கோச் இருந்தா, வேகம் குறைவா இருக்கிற ஆனா பொறுமை இருக்கிற பையனை கார்னருக்குத்தான் அனுப்புவார்.

சந்தையும் இதைப் புரிஞ்சுக்கிட்டது. புரோ கபடி ஏலத்தில் முதன்முதலா ஒரு கோடி ரூபாயைத் தொட்டவர் ரெய்டர் இல்லை, 2018-ல் யு மும்பா எடுத்த ஃபாஸல் அத்ராசலி. 2023 ஏலத்தில் இன்னொரு ஈரான்காரரான முகமத்ரஸா ஷாத்லூயியைப் புனேரி பல்தான் 2.35 கோடிக்கு எடுத்தது. இடது கார்னரில் பேர் வாங்கினவர். அந்த சீசனின் கோப்பையும் புனேக்குத்தான் போச்சு.

எடை என்னும் கத்தி

அமெரிக்க லைன்மேனுக்குப் பிரச்னை எடையை ஏத்துறது. பசிக்காதபோதும் சாப்பிட்டு உடம்பை வளர்க்கணும். ஓய்வு பெற்ற பிறகு அந்த எடையை இறக்கலைன்னா முட்டியும் இதயமும் தாங்காது. ஜோ தாமஸ் ஓய்வுக்குப் பிறகு 20 கிலோவுக்கு மேல குறைச்சார்.

கபடியில் கதை தலைகீழ். சீனியர் ஆண்களுக்கு 85 கிலோ, பெண்களுக்கு 75 கிலோ என்பது உச்சவரம்பு. ஜூனியர் பிரிவுகளுக்கும் வரம்பு உண்டு. நம்ம பக்கத்து ஊர்ப் போட்டிகளில் 55 கிலோ, 65 கிலோ என்று பிரிச்சே நடத்துவாங்க. மோதித் தள்ள எடை வேணும், ஆனா தராசில் ஏறும்போது எடை இருக்கக் கூடாது. இங்கேதான் பசங்க தப்புப் பண்றாங்க. போட்டிக்கு முந்தின ரெண்டு நாள் தண்ணி குடிக்காம, பட்டினி கிடந்து, வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஓடுறது. எடை இறங்கும். ஆனா இறங்கினது கொழுப்பு இல்லை, உடம்பின் நீர். அந்த நிலைமையில் களத்தில் இறங்கினா தசை பிடிக்கும், தலை சுத்தும், சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கும். வளர்ற வயசுப் பையனை அவன் எடைக்கு மேல இருக்கிற பிரிவில் ஆட விடுங்க. ஒரு கோப்பை போனா போகுது.

இன்னொரு பக்கம், ஜிம்மில் யாரோ கொடுக்கிற டப்பா பவுடர். அதில் தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருந்து ஊக்கமருந்து சோதனையில் மாட்டினா, 'எனக்குத் தெரியாது' என்பது பதிலாகாது. உடம்புக்குள்ள போனதுக்கு ஆட்டக்காரர்தான் பொறுப்பு. முட்டை, நிலக்கடலை, பயறு, கம்பு, கேழ்வரகு, பால் இதையெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டாலே இந்த வயசுக்குத் தேவையான புரதம் கிடைச்சுடும்.

முட்டி, தோள், தலை

கார்னருக்கு அடிபடுற இடங்கள் மூணு. முதல்ல தோள். கணுக்காலைக் கவ்வினபடி இழுபட்டா, தோள் மூட்டு நழுவும். ரெண்டாவது முட்டி. பாதம் தரையில் பதிஞ்சிருக்க, உடம்பு மட்டும் திரும்பினா லிகமென்ட் கிழியும். மேட்டில் ஷூ போட்டு ஆடும்போது பாதம் இன்னும் கெட்டியா ஒட்டிக்கும். மண்ணில் மட்டுமே பழகின பையனை நேரா மேட் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு சொல்றது இதனால்தான். லிகமென்ட் அறுந்து அறுவை சிகிச்சை ஆச்சுன்னா, திரும்ப ஆட குறைஞ்சது ஒன்பது மாசம் ஆகும். நாலு மாசத்தில் 'வலி இல்லையே'ன்னு இறங்கினவங்கதான் ரெண்டாவது தடவை கிழிச்சுக்கிட்டு நிரந்தரமா உட்கார்ந்தவங்க.

மூணாவது தலை. குனிஞ்சு காலைப் பிடிக்கப் போறவர் நெற்றிக்கு நேரா வர்றது ரெய்டரின் முட்டி. அடிபட்ட பிறகு தலைசுத்தல், வாந்தி, ஒளியைப் பார்த்தா கண் கூச்சம், கேட்டதையே திரும்பக் கேக்கிறதுன்னு ஏதாவது ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சது. முகத்தில் தண்ணி அடிச்சுத் திரும்ப இறக்கக் கூடாது. நேரா ஆஸ்பத்திரிதான்.

இது மிகைப்படுத்தல் இல்லை. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஒரு கிராமத்துப் போட்டியில், பாடிப் போன இளைஞர் ஒருவர் பிடிபட்ட நொடியிலேயே சரிஞ்சு உயிரிழந்தார். அந்த வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீங்க. பிடிக்கிறவருக்கும் இதில் ஒரு பொறுப்பு இருக்கு. கழுத்தை நெரிக்கிறது, வாயைப் பொத்துறது, காலால் கத்திரி போடுறது எல்லாம் விதிப்படி ஃபவுல். அந்த விதிகள் எதிராளியின் உயிருக்காகப் போடப்பட்டவை. போட்டி நடத்துற விழாக் கமிட்டிகள் கோப்பைக்குச் செலவழிக்கிறதில் ஒரு பங்கை ஆம்புலன்ஸுக்கு ஒதுக்கணும்.

சோறு போடுமா?

நேரா சொல்லிடுவோம். புரோ கபடி லீக்கில் 12 அணிகள். ஒரு அணிக்கு அதிகபட்சம் 25 பேர். மொத்தமே 300 பேருக்குள்ளதான், அதிலும் வெளிநாட்டுக்காரர்கள் உண்டு. சமீபத்திய ஏலங்களில் கடைசிப் பிரிவுக்கு அடிப்படை விலையே 9 லட்சம் ரூபாய். நல்ல தொகைதான். ஆனா வருஷா வருஷம் கிடைக்கும்னு யாரும் உத்தரவாதம் தர மாட்டாங்க.

கபடி உண்மையில் சோறு போட்டது வேற வழியில். ரயில்வே, காவல்துறை, ராணுவம், மின்வாரியம், வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள். இந்த அணிகளுக்கு ஆடினவங்களுக்கு மாசச் சம்பளம் வந்தது, ஓய்வுக்குப் பிறகும் வேலை இருந்தது. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இடஒதுக்கீடு இருக்கு. கல்லூரிகளிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கிடைக்கும்.

இங்கேதான் ஊர்க் கோப்பைக்கும் சான்றிதழுக்கும் உள்ள வித்தியாசம் தெரியணும். மின்னொளி போட்டியில் வாங்கின முப்பது கோப்பை ஷோகேஸுக்கு அழகு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேக்கிறது, அங்கீகரிக்கப்பட்ட மாநில, தேசிய, பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆடின சான்றிதழ். பள்ளிக் கல்வித்துறைப் போட்டி, முதலமைச்சர் கோப்பை, மாவட்ட அணித் தேர்வு, இதையெல்லாம் தவறவிட்டுட்டு ஊர் ஊரா ஆடுறது, கார்னரில் நின்னுக்கிட்டு காலை விட்டுட்டுக் கையைப் பிடிக்கிற மாதிரி.

வீட்டில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

அகரத்திலோ வேடசந்தூரிலோ ஒரு பையன் காலையில் நூற்பாலை ஷிஃப்டையோ கல்லூரியையோ முடிச்சுட்டு சாயங்காலம் களத்துக்குப் போறான்னா, பெத்தவங்க 'எத்தனை கப் வாங்கினே?'ன்னு கேக்கிறதை விட இதைக் கேளுங்க.

1. திண்டுக்கல் மாவட்ட விளையாட்டு அரங்கத்திலோ பள்ளியிலோ முறையான கோச் பார்வையில் ஆடுறியா, சீனியர் அண்ணன்களைப் பார்த்துத்தான் கத்துக்கிறியா?

2. இந்த வருஷம் எந்த அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் பேர் பதிஞ்சே? சான்றிதழின் அசல் எங்கே இருக்கு?

3. எடையைக் குறைக்க சாப்பாட்டையோ தண்ணியையோ நிறுத்தினியா?

4. எந்த இடத்தில் வலி இருக்கு? வலியைக் கொல்ற ஊசி ஏதாவது போட்டுக்கிட்டு இறங்கினியா?

5. படிப்பு எந்த நிலைமையில் இருக்கு?

கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. கார்னர் பழுக்கப் பத்து வருஷம் ஆகும்னு பார்த்தோம். அந்தப் பத்து வருஷம் காத்திருக்க ஒரு டிகிரியோ ஐ.டி.ஐ-யோ ஒரு வேலையோ கையில் இருந்தாத்தான் முடியும். அது இல்லாதவங்க 22 வயசில் 'இதுல ஒண்ணும் தேறலை'ன்னு விட்டுட்டுப் போயிடுறாங்க. திறமை இல்லாம இல்லை, காத்திருக்க வசதி இல்லாம.

சேரலாதன் 41-ல் கோப்பையைத் தூக்க முடிஞ்சதுன்னா, அதுக்கு முன்னாடி இருபது வருஷம் யாரும் கைத்தட்டாத ஒரு ஓரத்தில் முட்டியையும் தோளையும் காப்பாத்திக்கிட்டு நின்னிருக்கார்னு அர்த்தம். அடுத்த தடவை மின்னொளி போட்டிக்குப் போனா, ரெய்டர் பிடிபடும்போது ஸ்கோர் போர்டைப் பார்க்காதீங்க. மேலே கிடக்கிற நாலு பேருக்கு அடியில், கணுக்காலை இன்னும் விடாம ஒருத்தர் கிடப்பார். அவர் எழுந்து வரும்போது பேரைக் கேட்டு வச்சுக்கோங்க.